கடலில் ஒன்றும் ஆகவில்லை

2018 அக்டோபரில் ஒரு காலை ஜெர்மனியின் ஹாம்பர்க்கிலிருந்து, எங்கள் பைகளை வாங்கியவர் அனுப்பிய பதினொரு படங்கள் வந்தன. முதல் படத்தில் நாங்கள் தைத்த பழுப்பு நிறத் தோள்பை. அதன் மூடியில் வெள்ளையும் பச்சையுமாக ஏதோ படர்ந்திருந்தது. கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்த்தேன். பூஞ்சணம். கடைசிப் படத்தில் அட்டைப்பெட்டியின் மேல்பக்கம் நனைந்து, காய்ந்து, வரைபடம் போலக் கறை கட்டியிருந்தது.

அப்பாவிடம் காட்டினேன். "கப்பலில் தண்ணீர் புகுந்திருக்கும். கடல் என்றால் சும்மாவா?" என்றார். நானும் அதையே நம்பினேன். நம்புவது வசதியாகவும் இருந்தது. கடல் கெடுத்தது என்றால் எங்கள் மேல் பிழையில்லை, காப்பீட்டுப் பணமும் வரும்.

எங்கள் பட்டறை தாராவியில், 90 அடி சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது. அப்பா சின்ன வயதில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர். அந்தத் தொட்டிகளும் நாற்றமும் தாராவியை விட்டுப் போய் வெகுகாலம் ஆகிறது. இப்போது சென்னை, கான்பூர், கொல்கத்தா பக்கமிருந்து பதனிட்ட தோல் வருகிறது; நாங்கள் வெட்டித் தைக்கிறோம். வருடக்கணக்காக சயான்–பாந்த்ரா இணைப்புச் சாலைக் கடைகளுக்கும், பெரிய ஏற்றுமதியாளர்களுக்கும் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம். எங்கள் பைகள் ஐரோப்பாவுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தன, யாரோ ஒருவர் பெயரில். 2018இல்தான் முதன்முறையாக எங்கள் பெயரிலேயே ஓர் ஆர்டர் வந்தது: அறுநூறு பைகள், அறுபது பெட்டிகள். ஒரு முழு கண்டெய்னருக்கு ஆகாது. பலருடைய சரக்கோடு ஒரே கண்டெய்னரில் இடம் பிடித்துப் போகும் முறையில் அனுப்பினோம். எல்.சி.எல். என்பார்கள். ஷேர் ஆட்டோ மாதிரி.

படங்கள் வந்த பத்தாவது நாள், சேதத்தை ஆராய்ந்த சர்வேயரின் அறிக்கை வந்தது. அவர் செய்த சோதனை எளிமையானது. நனைந்த அட்டையில் சில்வர் நைட்ரேட் கரைசலைச் சொட்டு விடுவார்கள். உப்பு இருந்தால் பால் போல வெளுக்கும். கடல்நீர் என்று அர்த்தம். எங்கள் அட்டை வெளுக்கவில்லை. அது நல்ல தண்ணீர். கண்டெய்னரில் ஓட்டை எதுவும் இல்லை என்றும் அறிக்கை சொன்னது. அப்படியானால் நடுக்கடலில் மூடிய இரும்புப் பெட்டிக்குள் நல்ல தண்ணீர் எங்கிருந்து வந்தது?

இட்லிப் பானையின் மூடியைத் திறந்து பார்த்தவர்களுக்கு விடை தெரியும். நாங்கள் பைகளைத் தைத்துப் பெட்டியில் அடைத்தது ஆகஸ்ட் கடைசி வாரம். மும்பையில் அப்போது காற்றே ஈரத்துணி மாதிரி இருக்கும். காற்றின் ஈரப்பதம் எண்பது சதவீதத்துக்கு மேல் போகும். தோல் அந்த ஈரத்தைக் குடிக்கும். அட்டைப்பெட்டி அதைவிட அதிகமாகக் குடிக்கும். பெட்டிகளை அடுக்க, பச்சை மரத்தில் அடித்த பேலட் பலகை எல்லாவற்றையும் மிஞ்சும். இவற்றை இரும்புப் பெட்டியில் பூட்டி வெயிலில் அனுப்பினால், பகலில் ஈரம் ஆவியாகி மேலே போகிறது. இரவில், அல்லது கப்பல் குளிர்ந்த கடலுக்குள் நுழைந்ததும், கூரைத் தகடு சில்லிட்டுவிடுகிறது. ஆவி தகட்டின் அடியில் முத்து முத்தாகக் கோத்துச் சொட்டுகிறது. கண்டெய்னர் மழை என்பது தொழிலில் இதற்குப் பெயர். அந்தத் தண்ணீரை நாங்களேதான் தாராவியில் பெட்டிக்குள் வைத்து, டேப் ஒட்டி அனுப்பியிருந்தோம்.

இன்னொரு கெட்டிக்காரத்தனமும் செய்திருந்தோம். தூசு படாமல் இருக்க ஒவ்வொரு பையையும் பாலிதீன் உறையில் போட்டு வாயை ஒட்டியிருந்தோம். பசை முழுசாகக் காயாத பை, ஈரத் தோல், காற்றுப் போக வழியில்லாத உறை. பூஞ்சணம் வளர்க்கப் பண்ணை வைப்பவர்கூட இவ்வளவு நேர்த்தியாகச் செய்யமாட்டார்.

காப்பீட்டுக்காரர்கள் மறுத்துவிட்டார்கள். பாலிசியிலேயே பதில் இருந்தது, நான்தான் படிக்கவில்லை. 'எல்லா இடர்களுக்கும்' என்று போட்டிருக்கும் பாலிசியிலும் விலக்குகள் உண்டு. அவற்றில் இரண்டு: பொருளின் இயல்பாலேயே வரும் கேடு, சரியாகப் பெட்டி கட்டாததால் வரும் கேடு. இரண்டும் எங்களுக்குப் பொருந்தின. இருநூற்றுச் சொச்சம் பைகள் கழிவாயின. மீதியைத் துடைத்து, தள்ளுபடியில் வாங்கிக்கொண்டார் அந்த ஜெர்மன்காரர். அதன் பிறகும் எங்களை விடாமல் வைத்திருந்தார் என்பதை இப்போதும் நன்றியோடுதான் நினைக்கிறேன்.

பக்கத்துப் பட்டறைக்காரர் ஒருவர் ஆறுதல் சொல்ல வந்தார். வந்தவர், "அண்ணாச்சி, ஒரு பொட்டலம் இருக்கிறது. பைக்குள் ஒன்று போட்டால் பூஞ்சணம் கிட்டவே வராது. சீன மால்" என்றார். வெள்ளைப் பொடி அடைத்த சிறு பொட்டலம். வாங்கியும் வைத்துவிட்டேன். நல்லவேளையாக, போடுவதற்கு முன் ஹாம்பர்க்குக்கு எழுதிக் கேட்டேன். அரை மணி நேரத்தில் பதில் வந்தது, எல்லாம் பெரிய எழுத்தில். டைமெத்தில் ஃபியூமரேட் என்ற பொருள் அப்படிப்பட்ட பொட்டலங்களில் இருக்கும். சோபாக்களிலும் காலணிகளிலும் அது இருந்து, ஐரோப்பாவில் பலருக்குத் தோல் வெந்து புண்ணாகி, 2009இல் ஐரோப்பிய ஒன்றியமே அதைத் தடை செய்திருக்கிறது. ஒரு கிலோ பொருளில் 0.1 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. பூஞ்சணம் தள்ளுபடியோடு போயிற்று. இது போயிருந்தால் வியாபாரமே போயிருக்கும். ஏற்றுமதிக்குத் தோல் பொருள் செய்பவர்கள், தோலில் இருக்கக்கூடிய குரோமியம் ஆறு என்ற நச்சுக்கான சோதனையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார்கள். 2015 முதல் கிலோவுக்கு மூன்று மில்லிகிராம்தான் அதற்கு எல்லை. ஆனால் இந்தப் பொட்டலத்தைப் பற்றி எங்கள் சந்தில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

இப்போது செய்வது இதுதான். மழைக்காலத்தில் தைத்தாலும் மழைக்காலத்தில் பெட்டி கட்டுவதில்லை. தவிர்க்க முடியாமல் கட்டினால், மாடி அறையில் ஈரம் உறிஞ்சும் கருவியை இரண்டு நாள் ஓடவிட்டு, ஈரமானியில் முள் ஐம்பத்தைந்துக்குக் கீழே வந்த பிறகே பைகளை எடுக்கிறோம். பாலிதீனுக்குப் பதில் துணி போன்ற உறை. ஒவ்வொரு பைக்குள்ளும் சிலிக்கா ஜெல். அட்டைப்பெட்டிகளும் அதே அறையில்தான் காத்திருக்க வேண்டும். பையை உலர்த்திவிட்டு, வராந்தாவில் சாரலில் நின்ற பெட்டியில் போட்டால் எல்லாம் வீண்.

ஆனால் முதல் அடி பூஞ்சணம் அல்ல. சரக்கு கப்பல் ஏறுவதற்கு முன்பே ஒன்று வாங்கியிருந்தோம்.

எல்.சி.எல். சரக்குக்குக் கட்டணம் கன மீட்டர் கணக்கில். தொழிலில் எல்லோரும் சி.பி.எம். என்பார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் மீட்டரில் பெருக்க வேண்டும். ஆயிரம் கிலோ ஒரு கன மீட்டருக்குச் சமம். எடை, அளவு இரண்டில் எது கூடுதலோ அதற்குக் காசு. எங்கள் பெட்டி 60க்கு 40க்கு 40 சென்டிமீட்டர். ஒரு பெட்டி 0.096. அறுபது பெட்டிக்கு 5.76. இதை நம்பித்தான் விலை சொல்லியிருந்தேன்.

உரண் பக்கம் இருக்கும் சரக்கு நிலையத்தில் டேப் பிடித்து அளப்பவர் எங்கள் பட்டியலைப் பார்க்கவே இல்லை. பெட்டியின் விளிம்பை அவர் அளக்கவில்லை; வயிற்றை அளந்தார். பத்துப் பைகளைத் திணித்ததில் ஒவ்வொரு பெட்டியும் விருந்து சாப்பிட்டவர் மாதிரி உப்பியிருந்தது. 62, 42, 45 என்று எழுதினார். பெருக்கிப் பாருங்கள், ஏழு கன மீட்டரைத் தாண்டிவிடும். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கட்டணம் ஏறிப்போனது, உள்ளே ஒரு பைகூடக் கூடாமல். இப்போது பெட்டியை மூடியதும் மேலே ஒரு பலகையை வைத்துப் பார்க்கிறோம். பலகை ஆடினால் பிரித்து மறுபடி அடுக்க வேண்டும்.

அதே சரக்கில் மூன்றாவது பாடம். ஹாம்பர்க் துறைமுகம் வரை கப்பல் வாடகையும் காப்பீடும் எங்கள் பொறுப்பு என்று ஒப்புக்கொண்டிருந்தேன். கப்பல் வாடகை வியக்கும்படி மலிவாக இருந்தது. ஏன் மலிவு என்பது ஹாம்பர்க்கில் தெரிந்தது. பல பேர் சரக்கைப் பிரித்துக் கொடுக்கும் கூலி, கையாளும் கூலி, ஆவணக் கூலி, கிட்டங்கி வாடகை என்று அங்கே வாங்குபவரிடம் ஒரு பட்டியலை நீட்டினார்கள். நான் தேர்ந்தெடுத்த சரக்கு முகவர் நான் பார்க்காத பில்லை என் வாடிக்கையாளரிடம் வசூலித்தார். பாதியை நானே ஏற்றுக்கொண்டேன். மலிவான வாடகையைக் கண்டால் சேரும் ஊரில் என்னென்ன வாங்குவார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். நான் இப்போது கப்பல் ஏற்றுவதோடு என் பொறுப்பை நிறுத்திக்கொள்கிறேன். முகவரை வாங்குபவரே வைத்துக்கொள்ளட்டும். அவர் ஊர்க்காரரோடு அவரே பேசட்டும்.

மரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சரக்கை அடுக்கும் மரப் பேலட்டுக்கு வெளிநாடுகள் கேட்பது சூட்டுச் சிகிச்சை: மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி, முப்பது நிமிடம். முடிந்ததும் கோதுமைக் கதிர் போன்ற முத்திரையைச் சுட்டுக் குத்துவார்கள். மரத்துக்குள் பூச்சி உயிரோடு போய் அங்குள்ள காடுகளைத் தின்றுவிடக்கூடாது என்பது காரணம். 2019இல் எங்களிடம் முத்திரை குத்திய பேலட்தான் இருந்தது. ஏற்றும்போது ஒரு கட்டை உடைந்தது. எங்கள் ஆள் பட்டறையில் கிடந்த ஒரு பலகையை எடுத்து, வேகமாக, பெருமையோடு அடித்துக் கொடுத்தான். முத்திரையில்லாத அந்த ஒரு பலகைக்காக அங்கே மொத்தச் சரக்கும் நின்றது. பேலட்டை அழித்த செலவும் நம் கணக்கில்தான். இப்போது பிளைவுட் பேலட். பிளைவுட்டுக்கு இந்த முத்திரை தேவையில்லை.

இனி காகிதம்.

எண்ணெய் வாங்குவது போல இங்கே ஒரு கடையில் எல்லாம் கிடைக்காது. ஏற்றுமதி எண் ஓரிடம். வங்கியின் அங்கீகாரக் குறியீட்டை எந்தத் துறைமுகம் வழியாக அனுப்புகிறோமோ அந்தத் துறைமுகத்துக்குப் பதிவு செய்ய வேண்டும். நான் செய்யவில்லை. எங்கள் சரக்கு முதல்முறை இரண்டு நாள் சும்மா கிடந்தது அதனால்தான். வரி கட்டாமல் அனுப்ப ஜி.எஸ்.டி. துறைக்குக் கொடுக்கும் உறுதிப் பத்திரத்தை ஒவ்வொரு நிதியாண்டும் புதுப்பிக்க வேண்டும். ஏப்ரலில் மறந்தால் மே மாதம் வலிக்கும். ஜி.எஸ்.டி. கணக்கில் எழுதும் பில் எண்ணும் சுங்கத் துறையின் ஏற்றுமதிப் பத்திரத்தில் இருக்கும் பில் எண்ணும் ஒரு கோடு, ஒரு புள்ளி பிசகாமல் பொருந்த வேண்டும். கப்பல் போனபின் கப்பல்காரர்கள் சுங்கத்துக்குத் தாக்கல் செய்யும் சரக்குப் பட்டியலிலும் பெட்டி எண்ணிக்கை சரியாக வரவேண்டும். இல்லையென்றால் ஏற்றுமதிக்காக அரசு திருப்பித் தரும் டிராபேக் பணம் நமக்கு வராது. ஏன் வரவில்லை என்று யாரும் கூப்பிட்டுச் சொல்லவும் மாட்டார்கள். மாதம் ஒருமுறை நாமே போய்ப் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய காகிதம் பில் ஆஃப் லேடிங். கப்பலில் ஏற்றியதற்கு ரசீது, உரிமைப் பத்திரம் இரண்டும் அதுதான். பொதுவாக மூன்று அசல் பிரதிகள் தருவார்கள். அசல் யார் கையிலோ அவருக்கே சரக்கு. எங்கள் ஏற்பாடு: முப்பது சதவீதம் முன்பணம், மீதி இதன் நகலை அனுப்பியதும். பணம் வந்தபின் அசலை இங்கேயே முகவரிடம் ஒப்படைத்துவிட்டால், அங்கே அசல் இல்லாமலேயே சரக்கைக் கொடுக்கச் சொல்லி அவர்கள் செய்தி அனுப்பிவிடுவார்கள். கூரியர் அலைச்சல் மிச்சம். ஆனால் பணம் வரும் முன்பு, எவ்வளவு இனிமையாகப் பேசினாலும், அசலை விடாதீர்கள்.

அசல் அச்சாகும் முன் ஒரு வரைவை அனுப்பிச் சரிபார்க்கச் சொல்வார்கள். மணிக்கணக்கில்தான் அவகாசம் தருவார்கள். கப்பல் கிளம்பும் முன் திருத்தினால் பெரும்பாலும் காசில்லை. கிளம்பிய பின் ஒவ்வோர் எழுத்துக்கும் காசு. 2019இல் ஒரு ராத்திரி பத்து மணிக்கு வரைவு வந்தது. நான் படித்தேன். சுங்கத் தரகர் படித்தார். சரி என்று எழுதப் போகும்போது அப்பா, "இங்கே கொடு" என்றார்.

அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. எழுத்துகளைக்கூட வரிசையாகச் சொல்லமாட்டார். ஆர்டர்த் தாளை இடப்பக்கமும் வரைவை வலப்பக்கமும் வைத்துக்கொண்டார். தோலில் கீறல் தேடும்போது செய்வதுபோல இரண்டு தாளிலும் ஒவ்வொரு சுட்டுவிரலை வைத்து, எழுத்து எழுத்தாக நகர்த்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். வாங்குபவரின் நிறுவனப் பெயரில் வந்து விரல் நின்றது. "இதில் கொம்பு மாதிரி ஒன்று இரண்டு தடவை வருகிறது. இதில் ஒன்றுதான் இருக்கிறது" என்றார். இரண்டு 'டி' வரவேண்டிய இடத்தில் ஒன்று. எங்கள் இருவருக்கும் அந்தப் பெயர் பழகிப்போயிருந்தது. இல்லாத எழுத்தைக் கண் தானே போட்டுப் படித்துவிட்டது. அப்பாவுக்கு அது பெயரே இல்லை, வெறும் கோடுகள். அதனால்தான் அவருக்கு அகப்பட்டது. இன்றுவரை எங்கள் வீட்டில் எந்த வரைவும் அப்பா விரல் படாமல் போவதில்லை.

நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கப்பல் கிளம்பும் தேதியைப் பார்த்து யாரும் திட்டமிடாதீர்கள். சரக்கு உள்ளே போக வேண்டிய கடைசி நேரம், காகிதத்துக்கான கடைசி நேரம் என்று தனித்தனியாக உண்டு. அவைதான் உங்கள் தேதி. நவ சேவா துறைமுகம் மும்பைத் துறைமுகம் என்று பேச்சுக்குச் சொன்னாலும் மும்பையில் இல்லை. 1989இல் வளைகுடாவுக்கு எதிர்க்கரையில், ராய்கட் மாவட்டத்தில் திறந்தது. தாராவியிலிருந்து வாஷிப் பாலம் தாண்டி, பன்வேல் பக்கம் சுற்றித்தான் எங்கள் டெம்போ போகும். 2024 ஜனவரியில் சிவ்ரியிலிருந்து 21.8 கிலோமீட்டர் நீளத்துக்கு, பெரும்பகுதி கடல்மேல், அடல் சேது பாலம் வந்துவிட்டது. காரில் போகிறவர்களுக்கு அது சொர்க்கம். ஒரு வருடம் பிள்ளையார் கரைக்கும் நாளில் சரக்கை அனுப்பிவைத்தேன். எங்கள் சந்திலிருந்து கைவண்டியில் பெட்டிகளைச் சாலைக்குக் கொண்டுவரவே மூன்று மணி நேரம். சயானில் டெம்போ நின்றது. முன்னால் மேளம், பின்னால் மேளம், நடுவில் ஜெர்மனிக்குப் போக வேண்டிய எண்பது பெட்டி. மறுநாள் காலை போய்ச் சேர்ந்தபோது கதவு மூடியாகிவிட்டது. அடுத்த கண்டெய்னருக்கு ஒன்பது நாள் காத்திருந்தோம். மும்பைக்காரனுக்குப் பிள்ளையார் என்றைக்குக் கரைவார் என்று தெரியாதா என்று முகவர் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

2022 டிசம்பரில் முதல்முறையாக ஒரு முழு இருபதடிக் கண்டெய்னர். ஆர்டர் பெரிது, பக்கத்துப் பட்டறைகள் இரண்டு சேர்ந்து தைத்துக் கொடுத்தன. பத்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த என் மகள் கணக்கு நோட்டில் பெட்டிகளை வரைந்து பார்த்தாள். இருபதடிக் கண்டெய்னரின் உள்நீளம் ஏறக்குறைய 5.9 மீட்டர், அகலம் 2.35, உயரம் 2.39. தரையில் ஓர் அடுக்குக்கு ஐம்பத்தொரு பெட்டி வரும் என்று கண்டுபிடித்தாள். மூன்று வரிசை குறுக்காக, ஒரு வரிசை நெடுக்காக. மேலே எத்தனை அடுக்கு? நாற்பது சென்டிமீட்டர் பெட்டி ஆறு அடுக்கினால் 240. கண்டெய்னர் 239. "ஒரு சென்டிமீட்டர் அப்பா" என்று தலையில் கைவைத்துக்கொண்டாள். ஐந்து அடுக்கென்றால் 255 பெட்டி; கூரைக்குக் கீழே ஒன்றேகால் அடி காற்று ஜெர்மனிக்குப் போகும், அதற்கும் வாடகை. பெட்டியின் உயரத்தை 38 ஆக்கச் சொன்னேன். ஆறு அடுக்கு, 306 பெட்டி. நாங்கள் பையின் கைப்பிடியை மடித்து வைக்கும் விதத்தை மாற்றியதில் அந்த இரண்டு சென்டிமீட்டர் கிடைத்துவிட்டது. பெட்டி அளவைக் கடைக்காரர் வைத்திருப்பதிலிருந்து எடுக்காமல் கண்டெய்னரிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும் என்பது நாலு வருடம் கழித்து ஒரு பள்ளிப் பெண்ணின் நோட்டிலிருந்து எனக்குத் தெரியவந்தது.

டிரெய்லர் எங்கள் சந்துக்குள் வராது. சரக்கேற்றுவது சரக்கு நிலையத்தில்தான். காலையில் வந்து நின்ற கண்டெய்னருக்குள் நான் ஏறிக்கொண்டு, கதவைச் சாத்தச் சொன்னேன். அங்கிருந்த பாரம் தூக்குபவர் சிரித்தார், சாத்தினார். கும்மிருட்டு. இரும்பும் பழைய மரமும் கலந்த வாசனை. கண் பழகும்வரை அப்படியே நின்றேன். இடது மூலையில், கூரைக்குச் சற்றுக் கீழே, விடிவெள்ளி போல ஒரு புள்ளி. வெளிச்சம் வருகிற இடத்தில் தண்ணீரும் வரும். வேறு கண்டெய்னர் வேண்டும் என்றேன். முனகிக்கொண்டே மாற்றினார்கள். இரண்டாவதில் வெளிச்சம் இல்லை. ஆனால் கழுவிக் கொடுத்திருந்தார்கள், தரைப் பலகை ஈரமாக இருந்தது. கதவைத் திறந்துபோட்டு, மதியம் மூன்று மணிவரை டிசம்பர் வெயிலில் உலரவிட்டோம். பழைய சரக்கின் நாற்றம் இருக்கிறதா என்று மோந்தும் பாருங்கள். தோல் எந்த வாசனையையும் வாங்கிக்கொள்ளும்.

தரையில் தடித்த காகிதம், மேலடுக்கின்மேல் இன்னொரு காகிதம். பக்கச்சுவரின் நெளிவுகளில் கால்சியம் குளோரைடு பைகளைத் தொங்கவிட்டோம். அவை ஈரத்தை உறிஞ்சித் தண்ணீராகவே அடியில் சேர்த்துக்கொள்ளும். கதவைச் சாத்தியதும் போல்ட் சீல் அடித்தார்கள். நான்கு எழுத்தும் ஏழு எண்ணும் கொண்ட கண்டெய்னர் எண்ணையும், சீல் எண்ணையும் ஒரே படத்தில் விழும்படி எடுத்துக்கொண்டேன். 2016 ஜூலையிலிருந்து மொத்த எடையை நாமே உறுதிசெய்து எழுதிக்கொடுக்காமல் கப்பலில் ஏற்றமாட்டார்கள். பைகளுக்கு எடை பெரிய விஷயமல்ல. கிரானைட் அனுப்புகிறவர்கள்தான் கவனிக்க வேண்டும்.

கொரோனாவுக்குப் பிறகு வாடகை ஏறிய கதையை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நான் ஒன்று மட்டும் சொல்கிறேன். 2021 மார்ச்சில் எவர் கிவன் என்ற நானூறு மீட்டர்க் கப்பல் சூயஸ் கால்வாயில் ஆறு நாள் குறுக்கே மாட்டிக்கொண்டதே, அதில் எங்கள் சரக்கு இல்லை. ஆனால் அப்போதுதான் 'ஜெனரல் ஆவரேஜ்' என்ற பழைய கடல் வழக்கம் எனக்குத் தெரிந்தது. கப்பலையும் சரக்கையும் காப்பாற்ற ஆகும் அசாதாரணச் செலவை, கப்பல்காரரும் சரக்கு வைத்திருப்பவர்கள் எல்லோரும் மதிப்புக்கேற்பப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். உங்கள் பெட்டிக்கு ஒன்றுமே ஆகாமலிருக்கலாம். பங்குக்குப் பிணை கொடுக்காமல் பெட்டியைத் தரமாட்டார்கள். காப்பீடு இருந்தால் அந்த நிறுவனம் பிணை கொடுக்கும். இல்லாவிட்டால் ரொக்கம் கட்ட வேண்டும். பூஞ்சணத்துக்குப் பணம் தராத பாலிசியை ஒரு வருடம் கோபத்தில் எடுக்காமலே அனுப்பியிருந்தேன். அந்த வாரமே போய் எடுத்தேன், பில் மதிப்போடு பத்து சதவீதம் கூட்டி. ஏற்றுவதோடு என் பொறுப்பு முடிகிறதே என்றால், மீதிப் பணம் வரும்வரை கவலை என்னுடையதுதானே.

2023 கடைசியில் செங்கடலில் கப்பல்கள்மேல் தாக்குதல் தொடங்கியது. 2024இல் எங்கள் அடுத்த முழு கண்டெய்னர் சூயஸ் போகாமல் ஆப்பிரிக்காவைச் சுற்றி, நன்னம்பிக்கை முனை வழியாகப் போனது. கூடுதலாக இரண்டு வாரம். போதாததற்கு, ஆர்டர் அவசரம் என்று ஜூலையிலேயே பெட்டி கட்ட வேண்டியதாயிற்று. நில நடுக்கோட்டை இரண்டு தடவை கடந்து, தெற்கே குளிர்காலத்துக்குள் போய், மறுபடி வெயிலுக்கு வந்து, ஐரோப்பாவுக்குப் போக வேண்டும். இட்லிப் பானையை ஏற்றி இறக்கி ஏற்றுவது மாதிரி. ஈரமானியை மணிக்கொரு தரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கால்சியம் குளோரைடு பைகளை வழக்கத்தைவிட இரண்டு மடங்கு தொங்கவிட்டேன். அப்பா கப்பலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, "பசை காய்ந்ததா?" என்று மட்டும் தினமும் கேட்டார்.

செப்டம்பரில் ஹாம்பர்க்கிலிருந்து படங்கள் வந்தன. இந்த முறை நான்குதான். மூன்றில் பைகள். மூடியைத் திறந்து, உள்துணியை வெளியே இழுத்து, தையலுக்கு அருகே வைத்து எடுத்திருந்தார்கள். அப்பா ஒவ்வொன்றையும் பெரிதாக்கி, விரலை மூலைக்கு மூலை நகர்த்திப் பார்த்துவிட்டுக் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார். நான்காவது படத்தில் கண்டெய்னர் காலியாக இருந்தது. சுவரில் நாங்கள் தொங்கவிட்ட பைகள் பால் கட்டிய மடி போல ஊதித் தொங்கின. ஒவ்வொன்றிலும் ஒரு லிட்டருக்குக் குறையாத தண்ணீர், ஜூலை மாதத்துத் தாராவித் தண்ணீர். அதைக் கீழே கொட்டலாமா, குப்பையில் போட வேண்டுமா என்று கேட்டு எழுதியிருந்தார்கள்.